ஐந்தடி நாடா

கிளாஸ்கோவில், கம்பளக் கிடங்குக்கு அடியில்,
புழுதி வாடை போகாத நிலவறை ஸ்டுடியோவில்
எட்டு நிமிடம் டிரம்ஸ் அடித்தாள் எய்லி மக்ரே.
ஒரு குச்சி முறிந்தது.
விரலிடுக்கில் கொப்புளம் கண்டது.
கிதார்க்கார டூகல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
கட்டைவிரல் உயர்த்தினான்.

டெல்ராய் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆற்றோரக் கிளப்பில் வெள்ளி இரவுகளை
விடியும்வரை சுழற்றிவிடுகிறவன்.
நாடாவை முன்னும் பின்னும் கையாலேயே உருட்டினான்.
சவர பிளேடால் இரண்டு இடத்தில் வெட்டினான்.
"இது போதும்."

எது போதும்?
நான்கு நொடி.
மேசையில் நீட்டினால் ஐந்தடி.
அவள் உயரத்துக்கு இரண்டு விரற்கடை குறைவு.
மீதி அறுநூறு அடியும்
வடித்துக் கொட்டிய நூடுல்ஸாய்த் தரையில் கிடந்தது.

முனையோடு முனை ஒட்டி வளையமாக்கி,
இயந்திரத்தில் ஒரு பக்கம், மைக் கம்பியில் ஒரு பக்கம்.
நடுவே தொய்யாமலிருக்க
பென்சில் பிடித்து நிற்க ஆள் வேண்டும்.
எய்லியே நின்றாள்.
தன்னைத் தானே சுற்றவிட்டு, ஆறு நிமிடம்,
தும்மலை அடக்கிக்கொண்டு.

அப்போதுதான் காதில் பட்டது:
மூன்றாவது அடி
ஒற்று மிகுந்த சொல்லைப்போல்
கொஞ்சம் தடித்து, கொஞ்சம் பிந்தி.
ஒரு தடவை என்றால் யாருக்கும் தெரியாது.
வளையம் அதை நான்கு நொடிக்கு ஒருமுறை
ஊர்கூட்டிச் சொன்னது.
"தப்பு. திரும்ப அடிக்கிறேன்."
"கை வைத்தால் கொன்றுவிடுவேன்," என்றான் டெல்ராய்.
"இடுப்பு திரும்புகிற இடம் அது."

அடியில் இயந்திர பேஸ் டிரம்மை நுழைத்தான்,
கதவைத் தட்டும் கடன்காரன் மாதிரி
தளராமல், தயங்காமல்.
டூகலின் தனி ஆவர்த்தனம் முழுவதும் போய்
ஒரே ஒரு கீறல் மிஞ்சியது.
"நாங்கள் ராக் குழு. தையல் மெஷின் இல்லை."
"அப்படியா? போட்டிருக்கிற சட்டையைக் கழற்று."
டூகல் வெளியே போய் மழையில் சிகரெட் பிடித்தான்.
அது பற்றவில்லை.

வெள்ளியன்று கிளப்பில் அதை ஓடவிட்டார்கள்.
தோல் ஜாக்கெட்டுகள் ஒருபக்கச் சுவரோடு,
இல்லாத மேடையைத் தேடி முறைத்தபடி.
ஆடுகிறவர்களுக்கு மேடை என்ற நினைப்பே இல்லை,
அவரவர் முகம் அவரவருக்கு எதிரே.
கீறல் வந்தது. ஜாக்கெட்டுகள் நிமிர்ந்தன.
பிந்திய அடி வந்தது.
முந்நூறு முழங்கால்கள் ஒருசேர மடங்கின,
சுவரோரம் ஒன்றிரண்டு, மனமில்லாமல்.
கோட்டு வாங்கிவைக்கும் ஜன்னலருகே
டோக்கனைக் கையில் கசக்கியபடி எய்லி எண்ணினாள்.
அவளை யாருக்கும் தெரியவில்லை.
அவள் முழங்காலும் மடங்கியது.

தொல்லை அபர்டீனில் வந்தது.
மேடையில், ஹெட்போனுடன்,
இயந்திரத்தோடு சேர்ந்து அடிக்க வேண்டும்.
கை பாழாய்ப்போன கை, சரியாகவே விழுந்தது.
பிந்த நினைத்தால் மிகவும் பிந்தியது.
நினைக்காவிட்டால் பிந்தவே இல்லை.
ஒத்திகை முழுக்க டெல்ராய் உதட்டைப் பிதுக்கினான்.
தப்புக்குத் தாளக்குறிப்பு கிடையாது.

குளியலறையில் முகம் கழுவும்போது நினைவு வந்தது:
அன்று, மூன்றாவது அடிக்குச் சற்று முன்,
கம்பளச் சுருளைத் தோளில் வைத்த ஒருவன்
தவறிக் கதவைத் திறந்து, திகைத்து, மூடினான்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
அவ்வளவுதான்.

அன்றிரவு நான்கு நொடிக்கு ஒருமுறை
அரங்கத்தின் பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தபடி அடித்தாள்.
அடி வந்து உட்கார்ந்தது.
கூட்டம் மடங்கி எழுந்தது.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும்
ஆட்டத்தை நிறுத்திவிட்டுக்
கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
யாரோ வரப்போகிறார்கள் என்று.